நிப்பாட்டுக் கம்பி

ஆவணி 1, திங்கள்

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்கிறேன், வல்லி எழுதுகிறாள். வல்லி என் மகன் தவசியின் பெண்டாட்டி. இரண்டு வருசமாகத் தொழிலை நடத்துவதும் அவள்தான்.

பொட்டல் கண்மாயில் சீமைக்கருவை வெட்ட ஏலம் எடுத்திருக்கிறோம். புரட்டாசி முடிவதற்குள் கண்மாயைச் சுத்தமாக்கிக் கொடுக்க வேண்டும். மழை இறங்கிவிட்டால் லாரி உள்ளே போகாது. வெட்டிய கருவையை விறகாகக் கொண்டுபோனால், எரித்துக் கரண்டு எடுக்கிற கம்பெனியில் வாங்க மாட்டார்கள். மெஷினில் விட்டுச் சில்லாக அடித்துக் கொடுக்க வேண்டும். சில்லு இரண்டு விரல் நீளத்துக்கு மேல் போனால் லாரியை அப்படியே திருப்பிவிடுவார்கள். இந்த இரண்டு வருசமும் வாடகை மெஷினை வைத்துச் சமாளித்தோம். இனிமேல் சொந்தமாக ஒன்று வேண்டும் என்று வல்லி சொல்லிவிட்டாள்.

மூன்று இடத்தில் பேசி வைத்திருக்கிறாள். ஒவ்வொருவரும் ஒரு வாரம் மெஷினைக் கண்மாயில் விட்டு ஓட்டிக் காட்ட வேண்டும். பிறகு ஒன்றை வாங்குவது.

"கம்பெனிக்காரன் சொல்றதப் போன்லயே கேட்டுட்டேன் மாமா. நீங்க கூட நின்னு பாத்துட்டுச் சாயந்தரம் சொல்லுங்க. நான் எழுதிக்கிறேன்."

"எழுதி எதுக்குத்தா. எனக்கு எல்லாம் மண்டையில இருக்கும்."

"உங்க மண்டைய நான் எப்படி வாசிக்கிறது" என்றாள்.

அதுவும் சரிதான்.

ஆவணி 2, செவ்வாய்

முதல் மெஷின் வந்தது. டிராக்டருக்குப் பின்னால் மாட்டி ஓட்டுவது. உள்ளே ஓர் இரும்புத் தட்டு சுற்றுகிறது, தட்டில் நான்கு கத்தி. நேர்க்கம்பாகக் கொடுத்தால் வாழைத்தண்டு மாதிரி அரிந்து தள்ளுகிறது. ஆனால் கருவை எந்தக் காலத்தில் நேராக வளர்ந்தது. ஒரு கிளையில் ஒன்பது கவை, ஒன்பதும் ஒன்பது பக்கம். இதன் வாயோ ஒரு முழம்கூட இல்லை. ஒவ்வொரு கிளையையும் மூன்று துண்டு, நான்கு துண்டாக வெட்டிக் கவையைக் கழித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

மெஷின் வாயில் கொடுப்பவன் சேவுகன். முப்பது வயசு, பனை மாதிரி ஆள். வெட்டிய கிளையை இழுத்து வந்து அவன் காலடியில் போடுவது அழகி. இருவரும் நம்மிடம் ஏழு வருசமாக இருக்கிறார்கள்.

"இதுக்குச் சீவிச் சீவிக் கொடுக்கிறதுக்கு நானே கடிச்சுத் துப்பிருவேன் சித்தப்பு" என்றான் சேவுகன்.

"வெத்தலையவே இடிச்சுத்தான் திங்கிற. நீ கருவையக் கடிக்கப் போறியாக்கும்" என்றாள் அழகி.

லாரி ஒன்றுதான் போனது. அதுவும் முழுசாக நிரம்பவில்லை.

ஆவணி 4, வியாழன்

அதே மெஷின், அதே கதை. முட்டி வலிக்கிறது.

ஆவணி 6, சனி

முதல் மெஷின் போய்விட்டது. ஐந்து நாளில் லாரி ஐந்து. ஐந்து லாரியின் நம்பரையும் சொன்னேன். எண் படிக்கத் தெரியாது, டிரைவர் ஒரு தடவை வாயால் சொன்னால் போதும். வல்லி ரசீதுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு சரிபார்த்தாள். ஒன்றும் பிசகவில்லை.

இது சவுக்கு வெட்டுகிறவர்களுக்கு ஆகும். நமக்கு ஆகாது. இப்படியே எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

எதையும் மறக்காமல் இருப்பதும் ஒரு களைப்புதான். படுத்தால் அன்றைக்குப் பார்த்தது எல்லாம் வரிசையாக வந்து நிற்கிறது. அன்றைக்குப் பார்த்தது மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை.

ஆவணி 8, திங்கள்

இரண்டாவது மெஷின். கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கம்பெனி. கூடவே ஒரு பையன் மாதிரி ஆள் வந்திருக்கிறார், பெயர் கோகுல். வெயிலைப் பார்த்துவிட்டு நெற்றியில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டார்.

இது தனி என்ஜின். டிராக்டர் வெறுமனே இழுத்து வந்து நிறுத்தினால் போதும். வாய் அகலம். வாய்க்குள் பல் வைத்த உருளை இரண்டு, மேலே ஒன்று கீழே ஒன்று. கிளையின் நுனியைக் காட்டினால் உருளை கவ்வி இழுத்துக்கொள்கிறது. கவையோடு, முள்ளோடு, இலையோடு எல்லாம் உள்ளே போகிறது. சில்லு ஒரே அளவு. சேவுகனுக்கு வாயெல்லாம் பல்.

வாயின் மேல் உதட்டில் குறுக்காக ஒரு சிவப்புக் கம்பி. அதைத் தொட்டால் உருளை நின்றுவிடும். நாங்கள் நிப்பாட்டுக் கம்பி என்போம்.

வல்லி கண்மாய்க்கு வந்திருந்தாள். அவள் வருவதே அபூர்வம். மெஷின் ஓடும்போது அந்தக் கம்பியை ஒரு விரலால் தள்ளினாள். நின்றது. ஓட்டச் சொல்லித் திரும்பவும் தள்ளினாள். பத்துத் தடவை. பத்துத் தடவையும் நின்றது.

"லேசாப் பட்டாலே போதுமுங்க. ஒடனே உருளை நின்னு பின்னால சுத்துமுங்க" என்றார் கோகுல்.

"எங்ககிட்ட முன்னாடி இருந்ததுல கம்பி வேலை செய்யாமப் போச்சு. அதுலதான் அவுக கை போச்சு" என்றாள் வல்லி.

"அடடா. அது எந்தக் கம்பெனிங்க?"

நான் டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டேன்.

அவுக என்றது தவசியை. வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. போன வருசத்துக்கு முந்தின பங்குனி. அதை இதில் எழுத வேண்டாம் என்றேன். "ஏற்கெனவே எழுதிட்டேன் மாமா" என்கிறாள்.

ஆவணி 9, செவ்வாய்

இன்று கம்பி நாற்பத்தொரு தடவை நிப்பாட்டியது.

குற்றம் கம்பியில் இல்லை. கருவையின் கவை மேலே தூக்கிக்கொண்டு போகிறது, போகும்போது கம்பியை இடிக்கிறது. இடித்தால் நிற்கிறது. சேவுகன் சுற்றிப்போய் நெம்புகோலை இழுத்துவிட்டுத் திரும்பி வந்து கொடுக்க வேண்டும். நாற்பத்தொரு தடவையும் சுற்றினான். கடைசியில் அந்தக் கம்பியை அதன் தாயோடு சேர்த்துத் திட்டினான். வல்லி அந்த வார்த்தையை எழுத மாட்டேன் என்கிறாள்.

ஆவணி 10, புதன்

முப்பத்தாறு தடவை. லாரி ஒன்றரை.

"நிக்கட்டும் மாமா. நிக்கிறதுக்குத்தானே வச்சிருக்கு" என்கிறாள் வல்லி. அவளுக்கு இந்த மெஷின் பிடித்துவிட்டது.

ஆவணி 11, வியாழன்

இன்றைக்கு வாங்கியது: டீசல், இரண்டு கேன் குடிதண்ணீர், கிரீஸ் ஒரு டப்பா, கட்டுக்கம்பி ஒரு சுருள், அழகிக்குத் தலைவலி மாத்திரை.

கம்பி ஒரு தடவைகூட நிப்பாட்டவில்லை. லாரி மூன்று போனது.

"அது எப்படி மாமா, நேத்து முப்பத்தாறு இன்னைக்கு ஒண்ணுகூட இல்ல?"

"சேவுகனுக்குக் கை பழகிருச்சுத்தா" என்றேன்.

நான் மெஷின் பக்கம் அதிகம் போகவில்லை. கரையில் மஞ்சணத்தி நிழலில் இருந்தேன். முட்டி வலி.

ஆவணி 12, வெள்ளி

நிப்பாட்டவில்லை. லாரி மூன்று.

தவசி கண்மாய்க்கு வந்தான். லாரிக்காரர்களோடு போனில் பேசுவதெல்லாம் அவன்தான், ஆனால் மெஷின் ஓடும் இடத்துக்கு வருவதில்லை. அந்தச் சத்தம் கேட்டால் இல்லாத கையின் விரல் வலிக்கிறது என்பான். இன்று கரைமேலேயே நின்று கொஞ்ச நேரம் பார்த்தான்.

"நிக்காம ஓடுதேப்பா."

"ஆமா."

"இவ்வளவு கவையோட போகுது."

"நல்ல மெஷினுப்பா" என்றேன்.

என்னைப் பார்த்தான். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். ஒற்றைக் கையால் ஓட்டப் பழகிவிட்டான், மேட்டில் ஏறும்போதுதான் பயமாக இருக்கிறது.

ஆவணி 13, சனி

கருவை முள்ளுக்கு எந்த உறையும் தாங்காது. அதனால் பழைய பேன்ட்டின் காலை வெட்டி, கையில் தோள்வரை மாட்டிக்கொள்வது எங்கள் வழக்கம். இந்தப் பக்கம் கருவை வெட்டுகிற எல்லாரும் அப்படித்தான்.

மத்தியானத்துக்கு முன்னால் சேவுகனுடைய கைமூடியில் முள் மாட்டி, கிளையோடு இழுத்துக்கொண்டு போனது. துணி நைந்த துணி, அதனால் தோளில் கிழிந்து கழன்றது. சில்லுக் குவியலில் நீல நீலமாக வந்து விழுந்தது. சேவுகன் சிரித்தான். "போச்சு, ஒத்த கால் பேன்ட்டாப் போச்சு" என்றான். அழகி சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

எழுதிக்கொண்டிருந்த வல்லி நிமிர்ந்தாள்.

"கம்பி நிப்பாட்டலையா மாமா?"

"துணிதானத்தா. கை இல்லையே."

மத்தியானம் சோறு இறங்கவில்லை. குழம்பு நன்றாகத்தான் இருந்தது.

ஆவணி 14, ஞாயிறு

வேலை இல்லை. வல்லி முடிவு செய்துவிட்டாள். கோயம்புத்தூர் மெஷின்தான். நாளைக் காலை கோகுலுக்கு அட்வான்ஸ். மூன்றாவது ஆளை வர வேண்டாம் என்று சொல்லப்போகிறாளாம். "நீங்க சொன்னத வச்சுத்தான் மாமா. நோட்டுல தெளிவா இருக்கு" என்றாள்.

நாள் முழுக்கப் படுத்தே கிடந்தேன்.

ஆவணி 15, திங்கள்

காலையிலேயே நோட்டை எடு என்றேன். அடுப்பில் இட்லி இருக்கிறது என்றாள். இறக்கிவிட்டு வா என்றேன்.

அந்த மெஷினை வாங்க வேண்டாம். வியாழக்கிழமையிலிருந்து நிப்பாட்டுக் கம்பி கட்டித்தான் கிடக்கிறது. சேவுகன் கட்டினான். கட்டுக்கம்பியை மேல் உதட்டுக் கொக்கியோடு சேர்த்து முறுக்கி வைத்திருக்கிறான். அது நிப்பாட்டாமல் இருந்ததற்குக் காரணம் அதுதான், கை பழகியது இல்லை.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

வியாழக்கிழமையே தெரியும். கட்டுக்கம்பி வாங்கி வந்தபோதே தெரியும்.

"தெரிஞ்சுமா என்னைய வாங்குற வரைக்கும் விட்டீக? சேவுகன் கை போனா யாரு மாமா சோறு போடுறது. ஏன் சொல்லல?"

சொன்னால் அவனைக் கூப்பிட்டுத் திட்டுவாய், அவிழ்ப்பான். நீ வீட்டுக்கு வந்ததும் திரும்பக் கட்டுவான். கருவை வெட்டுகிறவன் கம்பியைக் கட்டாமல் இருக்க மாட்டான். லேசாகப் பட்டால் நிற்கிற கம்பியை அன்றைக்கே கட்டுவான். கம்பி எவ்வளவுக்கு நல்ல கம்பியோ அவ்வளவு சீக்கிரம் கட்டுவான். எந்த மெஷினில் கம்பி நன்றாக வேலை செய்கிறது என்று பார்த்து வாங்குவது தப்பு. எதில் கட்ட வேண்டிய அவசியம் வராதோ அதைத்தான் வாங்க வேண்டும்.

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்" என்று கேட்கிறாள்.

எழுதிக்கோத்தா. நம்ம பழைய மெஷினில் கம்பி நன்றாகத்தான் இருந்தது. கட்டினது நான்.

ஆவணி 18, வியாழன்

தவசி எழுதுகிறான். இடது கை. மெதுவாகச் சொல்லச் சொல்கிறான்.

வல்லி எழுத மாட்டேன் என்றுவிட்டாள். வேளைக்குச் சோறு வைக்கிறாள். மாமா என்று கூப்பிடுவதில்லை.

திங்கட்கிழமையே கோகுலை மெஷினோடு அனுப்பிவிட்டாள். அவர் பாவம், என்ன குறை என்று கேட்டுக்கொண்டே போனார். அவர் மெஷினில் குறை இல்லை.

மூன்றாவது மெஷின் நேற்று வந்தது.

ஆவணி 19, வெள்ளி

இதுவும் தனி என்ஜின். ஏற்கெனவே நான்கு வருசம் தைலமரம் அடித்த மெஷின். பெயின்ட் உரிந்து கிடக்கிறது. அறந்தாங்கிக்காரர் ஒருவர் கொண்டுவந்து விட்டுவிட்டு, டிரைவரை மட்டும் நிறுத்திவிட்டுப் போய்விட்டார்.

இதன் வாய் நீளம். கிளையை வைக்கிற தட்டு ஓர் ஆள் நீளத்துக்கு முன்னால் நீண்டிருக்கிறது. உருளை அதற்கும் உள்ளே. சேவுகனைச் சாயச் சொன்னேன். தட்டில் வயிறு படச் சாய்ந்து கையை முழுசாக நீட்டினான். உருளைக்கு இன்னும் ஒரு முழம் இருந்தது.

நிப்பாட்டுக் கம்பி இதிலும் உண்டு. மேல் உதட்டில் இல்லை. தட்டின் முன்விளிம்பில், இடுப்பு உயரத்தில் வெளியே வைத்திருக்கிறார்கள். கிளை அதற்கு மேலாகப் போய்விடும். ஆள் சாய்ந்தால்தான் அதில் வயிறு படும்.

சின்னக் கொப்புகள் தட்டிலேயே தங்கிவிடுகின்றன. கவைக்கம்பு ஒன்றை வைத்துத் தள்ள வேண்டியிருக்கிறது. சேவுகனுக்கு அது பிடிக்கவில்லை. "அடுப்பு ஊதுற மாதிரி இருக்கு சித்தப்பு" என்றான்.

லாரி ஒன்றே முக்கால்.

தவசிக்குக் கை வலிக்கிறது. போதும் என்கிறான்.

ஆவணி 20, சனி

வல்லி கண்மாய்க்கு வந்தாள். என்னிடம் பேசவில்லை. மிச்சமிருந்த கட்டுக்கம்பிச் சுருளை எடுத்துச் சேவுகன் கையில் கொடுத்தாள்.

"கட்டு."

"எதை மதினி?"

"இதுல எதைக் கட்டணும்னு தோணுதோ அதக் கட்டு. இப்ப கட்டலைன்னா நான் போனதும் கட்டுவ. என் முன்னாடியே கட்டு."

சேவுகனுக்கு முகம் செத்துவிட்டது. தெரியாமல் செய்துவிட்டேன் மதினி என்று இழுத்தான். அவள் கேட்கவில்லை. மூன்று நாளைக்கு ஓட்டு, எந்த இடத்தில் எரிச்சல் வருகிறதோ அந்த இடத்தில் கட்டு, யாரும் உன்னைத் திட்ட மாட்டார்கள் என்றாள்.

"அவன் நாக்கைக் கட்டணும்னுதான் எனக்குத் தோணுது" என்றாள் அழகி. வல்லிக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள்.

நான் வல்லிக்கு மாமனாராகிப் பதினான்கு வருசம். ஒரு மெஷினை இப்படிச் சோதிக்கலாம் என்று எனக்குத் தோன்றியதில்லை.

ஆவணி 23, செவ்வாய்

நான்கு நாளில் லாரி எட்டு. கம்பி இரண்டே தடவை நிப்பாட்டியது. இரண்டு தடவையும் சேவுகன் சாய்ந்தான், நிப்பாட்டியது சரி. அவன் எதையும் கட்டவில்லை. சுருளைக் கொண்டுவந்து அழகியிடம் கொடுத்துவிட்டான்.

வல்லி இந்த மெஷினைத்தான் முடித்தாள். ஒரு நாளைக்கு மூன்று லாரி போக வேண்டிய இடத்தில் இரண்டுதான் போகும். இனி ஞாயிற்றுக்கிழமையும் வேலை. புரட்டாசிக்குள் கண்மாய் முடியுமா முடியாதா, தெரியவில்லை. மழை முந்தினால் மேற்கு மூலை வெட்டாமல் நின்றுவிடும். அதற்கு அபராதம் கட்டுவதற்கும் தயார் என்று தவசியிடம் சொன்னாளாம்.

நோட்டு வேலை முடிந்தது என்று எழுந்தேன். தவசி உட்காரச் சொன்னான்.

"வல்லி எழுதினது பாதியில நிக்குதுப்பா. கட்டினது நான்னு இருக்கு. அதுக்கு மேல இல்ல."

"அது எதுக்குப்பா இப்ப."

"ஒங்களுக்கு எல்லாம் மண்டையில இருக்குல்ல. முதல்லேருந்து சொல்லுங்க. நான் எழுதுறேன்."

சொன்னேன்.

பங்குனி மாசம், செவ்வாய்க்கிழமை. முந்தின நாள் அறுபத்திரண்டு தடவை நின்றிருந்தது. நான் காலை ஏழு மணிக்கு எல்லாருக்கும் முன்னால் போனேன். தட்டுக்கு அடியில், வெளியே தெரியாதபடி, நிப்பாட்டுக் கம்பியைக் கட்டுக்கம்பியால் இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கினேன். எட்டரைக்கு நீ வந்தாய். வெள்ளைப் பனியன். கைமூடி காக்கித் துணி, புதுசு, கிழியாத துணி. ஓட ஆரம்பித்ததும், இன்னைக்கு நல்லா ஓடுதேப்பா என்றாய். ஆமா என்றேன்.

பத்து மணிக்கு டீ வந்தது. மெஷினை அணைத்தோம். அவிழ்க்க ஒரு நிமிசம் போதும். நான் டீயைக் குடித்தேன்.

பதினொன்றுக்கு இன்னும் ஐந்து நிமிசம் இருந்தது. கவைக் கிளை ஒன்று. முள் உன் கைமூடியில் மாட்டியது. நீ இடது கையால் கம்பியை அடித்தாய். மூன்று தடவை அடித்தாய். நான் எண்ணினேன். அழகிதான் ஓடிப்போய் என்ஜினை அணைத்தாள். கம்பி வேலை செய்யலப்பா என்று நீ சொன்னாய். ஆமா, வேலை செய்யல என்று நானும் சொன்னேன். ஆஸ்பத்திரியில், ஊரில், வல்லியிடம், எல்லாரிடமும் அதையே சொன்னேன்.

உன்னை ஆட்டோவில் ஏற்றினார்கள். அழகி ஏறினாள். நான் ஏறவில்லை. ஆட்டோ கரை தாண்டியதும் திரும்பிப்போய் முறுக்கை அவிழ்த்தேன். கட்டுக்கம்பியைக் கருவைக்குள் வீசினேன். ஆட்டோவில் இடமில்லை, அதனால்தான் வரவில்லை என்று உன்னிடம் சொன்னேன்.

இடம் இருந்தது.

தவசி எழுதுவதை நிறுத்தவில்லை. அவன் எழுத்து பெரிசு, ஒரு வரிக்கு மூன்று வார்த்தைதான் கொள்கிறது. நான் காத்துக்கொண்டிருந்தேன்.

"எழுதிட்டேன்" என்றான். "மேல சொல்லுங்க."